இடப்பக்கத்து நாற்காலி

என் தங்கைக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் வீட்டில் அவள் 'ஜட்ஜு'தான். பேச்சு வந்த நாளிலிருந்து தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பவள். மேல்வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம், மாமா ஏன் எப்போதும் சிடுசிடுக்கிறார், எனக்கு ஏன் இன்னும் பெண் அமையவில்லை, எல்லாவற்றுக்கும் அவளிடம் காரணம் தயாராக இருக்கும். கல்லூரியில் உளவியல் எடுக்கிறேன் என்று அவள் சொன்னபோது, இவ்வளவு நாள் ஓசியில் செய்ததை இனிமேல் பட்டம் வாங்கிக்கொண்டு செய்யப்போகிறாள் என்றேன். நான் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் இருக்கும், வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேல் வரும். அப்படிப்பட்ட நானே அவளைப் பார்த்து வாயடைத்துப் போன கதை இது.

இரண்டாம் ஆண்டில் நரம்பியல் கட்டாயப் பாடம். உயிரியலுக்குப் பயந்து உளவியல் பக்கம் ஓடி வந்தவளை, அது கதவுக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டது.

"மனுஷங்க மனசைப் படிக்கத்தான் சேர்ந்தேன். இங்க ஆட்டு மூளையை வெட்டிக் காட்டறாங்க" என்றாள் முதல் நாள்.

"உன் மூளையைக் கேக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் நல்லது" என்றேன்.

சாப்பாட்டு மேஜை முழுக்க மூளைப் படங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கலர் பென்சில். நான் தட்டை வைக்க இடம் தேடுவேன். அவள் படத்தை நகர்த்தாமல் என்னை நகர்த்துவாள். அவளுக்குப் பேர் சொல்லிக் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கே ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவளுக்குத்தான் தலையில் நிற்கவில்லை. முதல் பரீட்சையில் ஃபெயில். பிறந்ததிலிருந்து ஃபெயில் என்ற சொல்லையே மற்றவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தவள், அன்றைக்கு முழுக்கப் பென்சில்களைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குச் சில நாட்களில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் பாதிக்கப்படாமல் தப்பித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பொறுமையாக நிறையச் சொன்னார். 'உயிருக்கு ஆபத்து இல்லை' என்று அவர் சொன்ன பிறகு எங்கள் மூன்று பேருக்கும் வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

அம்மா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தாள். முன்னறையில் அப்பாவின் நாற்காலிக்கு இடது பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, செயலற்ற அந்தக் கையை மடியில் வைத்து, எண்ணெய் தடவி, விரல் விரலாக நீவிவிடுவாள். "நல்ல கைக்கு ஆள் வேணாம். இந்தக் கைக்குத்தானே வேணும்" என்பாள். சாப்பிடும்போதும் அதே பக்கம். தூங்கும்போதும் அதே பக்கம்.

ஆனால் அப்பா அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் எதிரே நின்று பேசினால் பேசுவார், கிண்டல்கூடப் பண்ணுவார். அம்மா தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. "என்னங்க" என்று அவள் கூப்பிட்டால், தலையை வலது பக்கமாகத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பார். அவள் மறுபடி கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் திருப்புவார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும். "அவ்வளவு மோசமாவா சமைச்சிருக்கேன்?" என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் ஒரு கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு ரேஸரைக் கீழே வைத்தார். இன்னொரு கன்னம் என்ன பாவம் பண்ணியது என்று நான் கத்தினேன். "எல்லாம் முடிஞ்சுதுப்பா" என்றார் நிதானமாக. பிடிவாதம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஜட்ஜு தீர்ப்பு சொன்னாள். ஆலோசனை சொல்லும் பாடத்தில் அவள்தான் வகுப்பில் முதல். "இது அமுக்கி வச்ச கோபம்ண்ணா. அப்பாவுக்கு அம்மா மேல பழைய மனக்குறை ஏதோ இருக்கு. இப்போ உடம்பு முடியாதப்போ வெளியில வருது."

எனக்கு அது சரியாகவே பட்டது. அவள் சொன்னால் எல்லாமே சரியாகப் படும்; அதுதான் தொல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் முன்னறையில் உட்கார வைத்தாள். எதிரே தானும் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்பா, அம்மா மேல உங்களுக்குக் கோபம் இருக்கா?"

"கோபமா? எனக்கா?" என்றார் அப்பா.

'மறுக்கிறார், பார்த்தியா' என்பது போல என்னைப் பார்த்தாள்.

அம்மாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, அப்பா வேலை பார்த்த அச்சகம் அவரை மேலாளராக்கி வேறு ஊர்க் கிளைக்கு அனுப்புவதாகச் சொன்னதாம். அம்மா வரமாட்டேன் என்றதால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அம்மா அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான்தாங்க தடுத்துட்டேன். உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு அப்போ தெரியலை. மன்னிச்சுருங்க."

அப்பா மெல்லத் தலையைத் திருப்பினார். ஜன்னல் பக்கம்.

அம்மா அழவில்லை. கையை அவர் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று மாலையே பெரியம்மாவுக்குப் போன் செய்து, வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். எங்களிடம், "அவருக்கு என்னைப் பாக்கவே பிடிக்கலை. நான் பக்கத்துல இருந்தா அவருக்கு உடம்பு தேறாது. ஒரு ஆளை வச்சுப் பாத்துக்கோங்க. அவர் நல்லா இருந்தாப் போதும்" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். யோசித்துச் சொன்னாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். வகுப்பு நடக்கிற நேரத்தில் ஜட்ஜு மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அங்குமிங்குமாகத் தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டாள். அதை ஓர் அட்டையில் வைத்து அப்பாவின் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒவ்வொரு கோட்டையும் குறுக்க வெட்டுங்க. ஒண்ணு விடாம."

அச்சகத்தில் பிழை பார்த்துப் பழகிய மனிதர். பேனாவை வாங்கி, அக்கறையாக ஒவ்வொன்றாக வெட்டினார். வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, தாளின் நடுவில் நிறுத்தினார். "ஆச்சு" என்றார்.

"எல்லாம் ஆச்சாப்பா?"

"நான் பாத்ததுல எப்போ பிழை விட்டிருக்கேன்?"

இடது பாதி முழுக்கக் கோடுகள் அப்படியே இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் ஜட்ஜு கையைக் காட்டி அடக்கினாள். தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். அப்பா பார்த்தார். புருவம் நெரிந்தது.

"இதையெல்லாம் யாரு இப்போ போட்டது?" என்று கேட்டுவிட்டு, மிச்சக் கோடுகளை வெட்ட ஆரம்பித்தார்.

அவர் கடைசிக் கோட்டை வெட்டும்வரை ஜட்ஜு அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று காலை வகுப்பில் அவளுடைய பேராசிரியை இப்படி ஒரு தாளைத் திரையில் காட்டினாராம். பாதி வெட்டி, பாதி வெட்டாமல். மூளையின் வலது பக்கம் அடிபட்ட சிலருக்கு உலகத்தின் இடது பாதி கணக்கிலேயே வராது, அங்கே ஒன்று இல்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது என்றாராம். இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் இவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

"கண்ணு?" என்று கேட்டேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளை அந்தப் பக்கத்தை எடுத்துக்கறதில்ல."

"பட்டன் வேலை செய்யுது, வயரும் சரியா இருக்கு. ஆனா அப்படி ஒரு மாடி இருக்கறதே லிஃப்ட்டுக்குத் தெரியாது. அப்படியா?"

கொஞ்சம் யோசித்து, "கிட்டத்தட்ட" என்றாள்.

உடனே சமையலறையிலிருந்த அம்மாவிடம் ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. "ஒரு தடவை நானா தீர்ப்பு சொல்லித்தான் அம்மா பெட்டி கட்டறாங்க" என்றாள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பாவைப் பார்த்த டாக்டருக்காக மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அப்பாவையே அழைத்துப் போய் முறையாகச் சோதித்தார்கள். டாக்டர் அதேதான் என்றார். அன்று வராந்தாவில் இதையும் சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் அறைக்குப் போனாள். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது.

"அம்மா, நான் சொன்னது தப்பு. அப்பாவுக்குக் கோபமே இல்ல. நீங்க உக்காந்த பக்கம் அவருக்குத் தெரியறதே இல்ல. தெரியாம உங்களை மன்னிப்பு கேக்க வச்சுட்டேன். எனக்கு இந்தப் பாடத்துல பாதிதான் தெரியும்மா. தெரிஞ்ச பாதியை வச்சு முழுசாப் பேசிட்டேன்."

பிறந்ததிலிருந்து அவள் தோற்ற ஒரு வாதமும் எனக்கு நினைவில்லை. பரீட்சையில் தோற்றதைக்கூடக் கேள்வித்தாள்மேல் போட்டவள். அந்த வாயிலிருந்து இது வந்தபோது எனக்குக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை. படிப்பு என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் தங்கையை நினைத்து நெஞ்சு நிறைந்துபோனது. வெளியில் சொல்லவில்லை, தலைக்கு மேல் ஏறிக்கொள்வாள்.

அம்மா நேராக முன்னறைக்கு வந்தாள். தன் நாற்காலியைத் தூக்கி அப்பாவின் வலது பக்கம், ஜன்னலை ஒட்டிப் போட்டாள். உட்கார்ந்தாள்.

அப்பா திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க போயிருந்த நீ?" என்றார். "பேச்சு கேக்குது, ஆளைக் காணோம். கூப்பிடற பக்கமெல்லாம் தேடிப் பாக்கறேன், ஜன்னல்தான் இருக்கு. பிள்ளைங்களைக் கேட்டா பயந்துடுவாங்களேன்னு கேக்கல."

அம்மா அப்போதுதான் அழுதாள். பெரியம்மாவுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னவன் நான். அன்று சாயங்காலம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர், காது கொடுத்துக் கேட்க ஒன்றும் பெரிய விஷயமில்லை. நூலகத்தில் யார் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை, அந்த மாதிரி.

சனிக்கிழமை, அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க டாக்டர் அனுப்பிய அம்மாள் வந்தார். கறாரான ஆள். ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"இப்படியே உக்காந்தீங்கன்னா அவருக்குச் சுகமா இருக்கும். ஆனா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். அவருக்கு யார் முக்கியமோ அவங்க இடப்பக்கம் இருந்து கூப்பிடணும். அவரா தேடித் தேடிக் கண்டுபிடிக்கணும். நாளாகும். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

அவர் போன பிறகு ஜட்ஜு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். பாடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், முகத்திலேயே தெரிந்தது. இருந்தும், "ஒரு வாரம் போகட்டும்மா. இப்போதானே பாத்தாரு. அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம்" என்றாள்.

அம்மா அவள் தலையைத் தடவினாள். பிறகு எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. அப்பாவின் கண்ணெதிரே நடந்து, நடுவைத் தாண்டி, இடது பக்கம் போனாள். அவள் தாண்டியதும் அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. வலப்பக்கம் திரும்பி, காலியாகிவிட்ட ஜன்னலோரத்தைப் பார்த்தார்.

"எங்க போயிட்ட?" என்றார். குரலில் பயம் இருந்தது.

அம்மா நாற்காலியை அவருக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்கதாங்க இருக்கேன்" என்றாள். "மெதுவாத் தேடுங்க. நான் எங்கயும் போகல."