பொன்னம்பலம் டீலரை விசாரித்தார்

1

இந்தக் கதையின் முதல் துண்டு நான் உண்டாக்கியதல்ல. மருதனார்மடச் சந்தியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது காதில் விழுந்தது. ஒதுங்கிய இடம் ஒரு தேத்தண்ணிக் கடை. பக்கத்தில் உழவு மிசின் விற்கிற கடை. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், கண்ணாடிக்குள் நின்ற அத்தனை மிசின்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கேட்டார்:

"உந்தப் பக்கத்துக் கடைத் தம்பி ஆள் எப்பிடி? குடி கிடி ஏதும் இருக்கோ?"

கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றுவதை அப்படியே நிறுத்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம். "தங்கமான பெடியன் ஐயா. நீங்கள் எவ்விடம்?"

அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. மிச்சம் முழுக்க என் கைவேலை. மிசினின் விலையை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. கடைக்குள் போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

2

தொடங்கிப் பார்த்தவை:

உடுப்பிட்டியில் பொழுது விடிந்தது. கிழக்கே— (வேண்டாம். எல்லா ஊரிலும் கிழக்கேதான் விடிகிறது.)

உழவு இயந்திரம் என்பது விவசாயியின்— (இது பரீட்சைக்கு எழுதுகிற குரல்.)

கஜானிக்கு மிசின் வேணும்.

இது நிற்கட்டும். கஜானிக்கு மிசின் வேணும். கேட்டவர்களின் தோட்டங்களை வாடகைக்கு எடுத்த இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரால் உழுது கொடுத்துப் பெயரெடுத்தவள். இனி நாலு சில்லு மிசின்; அதுவும் தன் பேரில். மாரிக்கு முதல் வாங்கினால் இந்தப் போகத்து உழவு அவளுடையது. இல்லாவிட்டால் இன்னொரு வருசம் மற்றவர் மிசினுக்கு வாசலில் காத்து நிற்கவேண்டும்.

தகப்பன் பொன்னம்பலம் மறுக்கவில்லை. "உன்ரை பேரிலையே எடு பிள்ளை. ஆனால் டீலரை நான்தான் தெரிவு செய்வன்."

"மிசினைப் பாக்க வேண்டாமோ அப்பா?"

"மிசின் எல்லாம் புதுசிலை ஓடும். பழுதான அண்டைக்கு ஆர் வாறான் எண்டதுதான் விசயம். அருளம்பலத்தின்ரையைப் பார்."

அயல் வீட்டு அருளம்பலத்தின் மிசின் நடு வயலில் நின்று போனது. விற்ற டீலர் அதன் பிறகு போனே எடுக்கவில்லை. இப்போது அதன் மேல் பூசணி படர்ந்து, ஓட்டுபவர் சீற்றில் ஒரு கோழி அடைகாக்கிறது. அருளம்பலம் அந்தக் கோழியை எழுப்புவதில்லை. மிசினால் கிடைத்த ஒரே வருமானம் அதுதானாம்.

ஆகவே அந்த டீலர் கழிந்தான். மிச்சம் இருப்பது மருதனார்மடத்துச் சுபாங்கன் ஒருவன்தான். (உண்மையில் டீலர்மார் இன்னும் பலர் இருக்கலாம். இந்தக் கதைக்கு இரண்டு பேர் காணும்.)

3

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணமாகாத பெடியனைப் பற்றி, வேட்டி கட்டிய ஒருவர் அவனுடைய வீட்டு ஒழுங்கையில் நின்று விசாரித்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பொன்னம்பலத்துக்கு மட்டும் தெரியவில்லை. அவர் மனம் முழுக்கக் கிளச்சும் கியர்பெட்டியும்தான்.

தலைமயிர் வெட்டுபவரிடம் கேட்டார்: "ஆள் கோவக்காரனோ?"

கோயில் வாசலில் பூ விற்றவரிடம்: "சொன்ன சொல்லு நிக்குமோ?"

முன்வீட்டுக்காரரிடம்: "ராத்திரியிலை கூப்பிட்டாலும் எழும்பி வருவாரோ?" (முன்வீட்டுக்காரர் இதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.)

பிறகுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட கேள்வி. "வெளிநாடு போற எண்ணம் இருக்கோ?"

முன்வீட்டுக்காரர் தயங்கினார். வெளிநாட்டு மாப்பிள்ளைக்குத்தான் இப்போது கிராக்கி. பொய் சொல்லவும் மனமில்லை. "இல்லை ஐயா. கனடாவிலை தமையன் கூப்பிட்டும் போகமாட்டன் எண்டிட்டான்."

பொன்னம்பலத்தார் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உப்பிடி ஒரு பெடியனைத்தான் தேடித் திரிஞ்சனான்!"

டீலர் கனடாவுக்குப் போனால் ஸ்பெயார் பார்ட்ஸ் ஆர் தருவது? அவருடைய சந்தோசம் அதுதான். ஆனால் செய்தி ஒழுங்கை முழுக்க வேறு விதமாக ஓடியது. சுபாங்கனின் தாய் இராசமலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தாளாம். "வெளிநாடு போகாத பிள்ளையைத் தேடி வாற சனம் இந்தக் காலத்திலையும் இருக்குதே!"

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கஜானிக்கு ஓர் அம்மாவும் இருந்தா. முதலில் எழுதியதில் அவ அடுப்படியில் நின்று, பொன்னம்பலத்தாரின் கதையைப் பாதி கேட்டதுமே, "உங்களுக்கென்ன விசரோ? அவையள் பொம்பிளை குடுக்க வந்திருக்கிறம் எண்டெல்லோ நினைக்கப்போகினம்!" என்று சொல்லிவிட்டா. கதை அந்த இடத்திலேயே முடிந்துபோனது. ஆகவே அவவை வவுனியாவுக்கு, தங்கச்சியின் பிள்ளைப்பேறு பார்க்க அனுப்பிவிட்டேன். சுகமாக இருக்கிறா.

4

இந்தப் பகுதியை நீங்கள் நம்பமாட்டீர்கள். எழுதும்போது எனக்கும் பொன்னம்பலத்தில் சந்தேகம் வந்தது. ஒரு மனுசன் டீலரின் சாதகத்தைக் கேட்பாரா?

ஆனால் யோசித்துப் பாருங்கள். கிணற்றுக்கு மோட்டர் பூட்டவும் நாள் பார்க்கிறவர். இரும்புக்குரியது சனி. விற்பவனுக்குச் சனி சரியில்லாவிட்டால் வாங்கியவளுடைய கியர்பெட்டி என்னத்துக்காகும்? கேட்டார். இராசமலர் அதை மஞ்சள் பூசிய உறையில் போட்டு, மறுநாளே கொடுத்துவிட்டாள்.

சாத்திரியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "மற்றச் சாதகம் எங்கை?" என்றார்.

வாங்கப்போவது மகள், ஆகவே மகளுடையதைக் கொடுத்தார். இதில் பிழை எங்கே என்று பொன்னம்பலத்தைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சாத்திரியார் கூட்டிக் கழித்து, "உத்தமப் பொருத்தம். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்" என்றார்.

கஜானி அன்றுதான் தகப்பனை மறித்துக் கேட்டாள். "அப்பா, மிசின் வாங்கிறதுக்கு என்ரை சாதகம் ஏன்?"

"பதியிறது உன்ரை பேரிலை எல்லோ" என்றார் பொன்னம்பலம்.

5

பொருத்தம் சரிவந்த செய்தி மருதனார்மடத்துக்கும் எட்ட, வெள்ளிக்கிழமை பின்னேரம் பொன்னம்பலம் வீட்டுப் படலைக்கு முன்னால் ஒரு வான் வந்து நின்றது.

முதலில் இறங்கியது ஒரு தட்டம்: வாழைப்பழம், மல்லிகைப்பூ, பயத்தம் பணியாரம், நடுவில் ஒரு சேலை. தட்டத்துக்குப் பின்னால் இராசமலர். அவளுக்குப் பின்னால், கழுத்துவரை பொத்தான் பூட்டிய சுபாங்கன்.

பொன்னம்பலம் பூரித்துப்போனார். கஜானியிடம் மெல்லச் சொன்னார்: "பாத்தியோ? ஒரு போல்ற்றும் வாங்கமுதல் பழத்தோடை வாறார். இதுதான் சேர்விஸ்."

கஜானி பார்த்தது பழத்தையல்ல. சேலையை. எந்த மிசினோடும் சேலை கொடுப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"வாங்கோ, இருங்கோ" என்றாள். பிறகு அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் பயம் பிடித்தது.

இல்லை என்றால் அந்தத் தாய் அவமானத்தோடு எழும்பிப் போவாள். பிறகு மிசின் எடுக்க மிச்சமிருப்பது அருளம்பலத்துக்கு விற்றவன்தான். ஓம் என்றால்?

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம் அண்ணை" என்று இராசமலர் முன்னறையில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிள்ளை வந்து கடையிலை பில்லுப் போட்டுக்கொண்டு இருந்தால் காணும். மிசின் ஓடிறது வெய்யிலிலை கறுக்கிற வேலையெல்லோ?"

பொன்னம்பலம் திகைத்து, "பில்லை ஏன் பிள்ளை போடவேணும்? வாங்கிறதே அவளெல்லோ" என்றார்.

இராசமலர் தட்டத்துச் சேலையில் இருந்து கையை எடுத்தாள். "வாங்கிறதோ? என்னத்தை?"

"மிசினை."

கண்ணை மூடிக்கொண்டு சிரிக்காமல் இருக்க முயன்றவன் சுபாங்கன் மட்டும்தான் என்று எழுதினேன். பிறகு யோசித்தேன்: அவனுக்கு அது சிரிப்பா, வேறேதாவதா? தெரியவில்லை. அவன் கண்ணை மூடினான் என்பதோடு விடுகிறேன்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. கலியாணம் நடக்கிறது. மாலை போட்ட மிசினில் ஊர்வலம். வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அடுத்த நாள் காலை கஜானி கடையில் மேசைக்குப் பின்னால் இருக்கிறாள். கண்ணாடிக்கு வெளியே யாரோ ஒருத்தன் அவள் ஓட்ட வேண்டிய மிசினை ஓட்டிக்கொண்டு போகிறான். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆ. இராசமலர் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மற்ற டீலரிடம் மிசின் வாங்குகிறார்கள். மழை தொடங்குகிறது. நடு வயலில் கஜானி திறப்பைத் திருப்புகிறாள், மிசின்—

இ. பொன்னம்பலம் மயங்கி விழுகிறார். (இது நித்திரை வந்தபோது எழுதியது. மன்னித்துக்கொள்ளுங்கள்.)

7

ஆகவே கஜானியிடமே விட்டேன். அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போகவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, சுபாங்கனுக்கு நேர் முன்னால் இருந்தாள்.

"அன்ரி, குறை நினையாதேங்கோ. அப்பா உங்கடை மகனைப் பற்றிக் கேட்டதெல்லாம் மிசினுக்குத்தான். பிழை எங்களிலை."

"மிசினுக்கோ சாதகம் பாத்தனீங்கள்!" என்றாள் இராசமலர். "ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன் பிள்ளை. நாளைக்கு நான் எந்த முகத்தோடை கோயிலுக்குப் போறது?"

கஜானி சுபாங்கனைப் பார்த்தாள். "நான் கலியாணத்துக்கு ஓம் சொல்லேல்லை. சொல்லவும் போறதில்லை. எனக்கு மிசின் வேணும். உங்களிட்டைத்தான் எடுக்க விருப்பம். ஒண்டை மட்டும் கேக்கிறன். உங்களை வேண்டாம் எண்டவளின்ரை மிசின் நடு வயலிலை நிண்டால், நீங்கள் வருவியளோ?"

"உதென்ன கேள்வி!" என்றாள் இராசமலர்.

"அதுதான் கேள்வி" என்றார் பொன்னம்பலம், மெல்ல. தேத்தண்ணிக் கடை, தலைமயிர் வெட்டும் கடை, கோயில் வாசல், சாத்திரியார் வீடு எல்லாம் ஏறி இறங்கியவர். ஆனால் அவர் ஒருதரமும் போய்க் கேட்காத ஆள், இப்போது அவருடைய கதிரையிலேயே, கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு இருக்கிறான்.

இந்த இடத்தில் "ஓம்" என்று எழுதினேன். பிறகு வெட்டினேன். எழுத எனக்கு ஒரு சொல்தான். ஆனால் அது சுபாங்கனின் சொல் அல்ல, என்னுடையது. நாளைக்கு அந்த மிசின் சேற்றில் புதைந்து நின்றால் நானா ஸ்பானர் பெட்டியோடு போகப்போகிறேன்? "இல்லை" என்றும் எழுதிப் பார்த்தேன். அதற்கும் எனக்கு உரிமை இல்லை.

நான் அவனை அறிந்த அளவு நீங்களும் அறிவீர்கள். அவன் தாயை ஒருதரம் பார்க்கிறான். பிறகு கஜானியைப் பார்க்கிறான். வாயைத் திறக்கிறான். நான் பேனையை மூடுகிறேன். இவனை நம்பி மிசின் எடுக்கலாமோ என்று கஜானி உங்களைத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.