கூப்பிடும் மரம்

நீலாவதி ஒரு பழைய வெள்ளைப் புடவையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, கணவனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். காட்டில் நடந்து நடந்து காய்த்துப்போன பாதங்கள். காலையில் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த குழந்தைவேலு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான். கொடுத்துவைத்த சாவு என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்வதற்கு அந்த நாலு பேர்தான் ஊரில் இல்லை.

பாராடாங் தீவில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் மரம் வெட்டும் கூப்புக்கும், புதிதாகப் போடுகிற சாலைக்குமாகக் காட்டுக்குள் போயிருந்தார்கள். சனிக்கிழமைதான் திரும்புவார்கள். மிச்சமிருந்தது படகுத்துறை ஜெட்டியில் கயிறு பிடிக்கிற கிழவரும், பத்துபஸ்தியிலிருந்து தம்பியைப் பார்க்க வந்திருந்த மூத்தார் சிவஞானமும்தான். சிவஞானத்துக்கு மூட்டுவலி வேறு.

"இத பாரு நீலா, ஆளு கூட்டியார மோட்டார்போட்டு நாளைக்கு சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் தாங்காது. மழையும் கட்டியிருக்கு" என்றார் அவர். "தூக்க நாலு தோளு இல்ல. வெறகு வெட்ட ஆளு இல்ல. நானும் ஜெட்டிக் கெழவருமா பின்னால வேலியோரம் குழி வெட்டிடறோம்."

"வேலியோரம் நாயத்தான் பொதைப்பாங்க, மாமா."

"எனக்கு மட்டும் ஆசையா? என் கூடப்பொறந்தவன்மா. மெயின்லேண்டா இது, சங்கு ஊதினா தெருவே வந்து நிக்க?"

அநாதை மாதிரி இவரை வேலியோரம் தள்ளுவதா என்று நினைத்தாள் நீலாவதி. பக்கத்து வீட்டுத் தனபாக்கியத்தைக் கூப்பிட்டுப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மூலையில் சாத்தியிருந்த உலக்கையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் இறங்கி நடந்தாள். சிவஞானம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

கப்பலை விட்டு இறங்கிய புதுப்பெண்டாட்டிக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் மரத்தைக் காட்டிய மனுஷன் குழந்தைவேலு. லீவு நாளில் நாலு பேர் மீன் பிடிக்கப் போவார்கள், சீட்டாடப் போவார்கள். இவர் பெண்டாட்டியை மரம் பார்க்க இழுத்துக்கொண்டு போவார். ஒரு மரத்தை இன்னொரு மரம் வேரால் கட்டிப்பிடித்து விழுங்கியிருக்கும். விழுங்கப்பட்டது மக்கிப்போய் உள்ளே வெறும் கூண்டாக நிற்கும். அந்தக் கூண்டுக்குள் போய் நின்றுகொண்டு, "ஏய் நீலா, வந்து பாரு, வானம் தெரியுது" என்பார். அவளுக்கு அட்டை கடிக்கிற கவலை. மரக்கிறுக்கு என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

கொல்லைக்கு அப்பால் இருந்ததுதான் அவருடைய செல்ல மரம். அதன் பேர் என்ன என்பதில் வங்காளிக்கும் தெலுங்கருக்கும் ராஞ்சிக்காரருக்கும் இன்றுவரை சண்டை. ஆள் உயரத்துக்கு மேல் பலகை பலகையாக வேர்கள் சுற்றிலும் சுவர்போல எழும்பி நிற்கும். நடுமரம் பொக்கை, உள்ளே வெறும் பொந்து. வேரில் ஓர் அடி போட்டால் கடல்கழிக்கு அக்கரை வரை கேட்கும். காட்டில் யாராவது வழி தவறினால் குழந்தைவேலு வந்து இதை அடிப்பார். தவறியவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சேருவார்கள். தேடப் போகிறவர்கள் கயிறும் விளக்குமாக வந்து கூடுவார்கள். கான்ட்ராக்டர் பன்னீர்செல்வம் ஒருமுறை ரம்பத்தோடு வந்தபோது இவர் வேர்ச்சந்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். "பொக்கை மரத்துக்கு ஒரு பொக்கை மனுஷன்" என்று திட்டிவிட்டுப் போனான் பன்னீர்செல்வம். அன்றைக்கு நீலாவதிக்கு மானம் போயிற்று.

இப்போது அவள் உலக்கையை ஓங்கி வேரில் அடித்தாள். நிலமே அதிர்ந்தது. விட்டு விட்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இடி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். விட்டு விட்டு அடித்தாள். உச்சியிலிருந்து கிளிகள் கலைந்து பறந்தன. வேறு ஒன்றும் வரவில்லை. உள்ளங்கை கொப்பளித்தது. அழுதுகொண்டே அடித்தாள். பின்னால் வந்து நின்ற சிவஞானம், "போதும்மா, வா, ஊரே சிரிக்கும்" என்று கெஞ்சினார்.

"சிரிக்கவாவது வரட்டும், மாமா."

முதலில் வந்தவன் ராஞ்சிக்கார மங்ரு. தோளில் கயிற்றுச் சுருளோடு புதரை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். உலக்கையோடு அவளைப் பார்த்ததும் திகைத்து நின்றான்.

"கௌன் கோ கயா, பாபி? யார் காணோம்?"

"அவருதான், மங்ரு" என்றாள் நீலாவதி. "ஹமாரா ஆத்மி. எங்க வீட்டுக்காரரு."

மங்ரு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வாசலில் தனபாக்கியம் ஏற்றிவைத்திருந்த விளக்கைப் பார்த்தான். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அவள் கையிலிருந்த உலக்கையை வாங்கி அவனே அடிக்கத் தொடங்கினான்.

அதற்கப்புறம் வந்தார்கள் பாருங்கள். கூப்பிலிருந்து, சாலையிலிருந்து, கழிக்கு அக்கரையிலிருந்து டோங்கிப் படகில். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று வந்து வந்து கொல்லை நிறைந்து வாசல் நிறைந்தது. ஒருவன் மூங்கில் வெட்டினான், ஒருவன் பாடை கட்டினான். விறகுக்குக் கேட்பானேன், மரம் வெட்டுகிறவர்கள் ஊர் அது. கடைசியில் பன்னீர்செல்வமும் வந்தான். "யாரைக் கேட்டுடா ரம்பத்தைப் போட்டுட்டு ஓடியாந்தீங்க?" என்று கத்திக்கொண்டே வந்தவன், வாசலில் பாடையில் கிடந்தவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாடையின் தலைமாட்டில் தோள் கொடுத்தான்.

ஒருவர் தோளிலும் பாடை பத்தடிக்கு மேல் நிற்கவில்லை, அடுத்தவன் பிடுங்கிக்கொண்டான். 'ராம் நாம் சத்ய ஹை' என்று ஒரு பக்கம், 'ஹரி போல்' என்று ஒரு பக்கம், 'கோவிந்தா' என்று ஒரு பக்கம். முன்னால் போகவேண்டிய சிவஞானம் நெருப்புச்சட்டியோடு பின்னால் மாட்டிக்கொண்டு, "நான் அண்ணன்பா, பாய், ஜகா தோ, வழி விடுங்க" என்று தமிழும் ஹிந்தியுமாக மன்றாடினார். நீலாவதிக்குப் பெருமையாக இருந்தது. புருஷன் செத்த வீட்டில் பெருமைப்படலாமா என்று தெரியவில்லை. பட்டாள்.

சத்தம் ஜெட்டிச் சாலையில் இறங்கித் தேய்ந்தது. தனபாக்கியம் அவளைத் தலைக்குக் குளிக்கக் கூப்பிட்டாள். அப்போது காட்டுப் பக்கமிருந்து ஒரு வங்காளிக் கிழவர், கையில் லாந்தரும் இடுப்பில் தண்ணீர்க் குடுவையுமாக மூச்சு வாங்க வந்து நின்றார். வெகுதூரத்திலிருந்து நடந்திருக்க வேண்டும், முழங்கால் வரை சேறு.

"மில் கயா?" என்றார். "கிடைச்சாச்சா?"

நீலாவதி சாலைப் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள்.

"மில் கயா, தாதா. அப்படியே போங்க. மெதுவாத்தான் போறாங்க, பிடிச்சுடலாம்."

கிழவர் லாந்தரை ஆட்டிக்கொண்டு ஓடினார். அவருக்குப் பின்னால் மரங்களுக்கிடையில் இன்னும் இரண்டு பேர் தெரிந்தார்கள். அதற்கும் பின்னால் புதர் அசைந்தது. நீலாவதி நீட்டிய கையை இறக்காமல் நின்றாள்.