குனியாத முகம்

தென்கொரியாவின் மொக்போ நகரில் ஒரு பள்ளிக்குப் பூட்டுப் போட்டுப் பாடம் முழுவதையும் கணினித் திரைக்கு மாற்றியபோது, அதிகம் சந்தோஷப்பட்டவள் நாம்ஹீ டீச்சர்தான். சத்தமில்லை, சண்டையில்லை, ஒரு பிள்ளைகூட மட்டம் போடுவதில்லை. புதிதாகச் சேர்ந்த யேசுலை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் போன மாதம் ‘கவனம் சிதறாத மாணவி’ என்று அவளுக்கு விருது கொடுத்தாள். பாவி மனுஷி, எல்லாம் தன் கைக்குள் இருப்பதாகவே நம்பினாள்.

ஆசிரியர் தினத்தன்று வகுப்புத் தலைவன் கிஹுனுக்குக் குறும்பு பிறந்தது. திரைக்கு வந்தபின் எல்லோரும் கைவிட்டிருந்த, தலை குனிந்து வணங்கும் வழக்கத்தைக் கிளப்பினான்.

“எல்லாரும் நிமிருங்க! டீச்சருக்கு வணக்கம்!”

கட்டம் கட்டமாய்த் தலைகள் குனிந்தன. அத்தனை உச்சந்தலைகளுக்கு நடுவே ஒரே ஒரு முகம் சிரித்தபடி இருந்தது.

“என்ன யேசுல், எனக்கு வணக்கம் கிடையாதா?”

முகம் தலையாட்டியது. நெற்றி முடியை ஒதுக்கியது. மறுபடி தலையாட்டி, மறுபடி அதே முடியை ஒதுக்கியது.

“டீச்சர், அது வீடியோ. ஓடி ஓடித் திரும்பி வருது,” என்றான் கிஹுன். இப்போது அவன் குரலில் குறும்பு இல்லை.

நாம்ஹீ வகுப்பைப் பாதியில் விட்டு யேசுலின் வீட்டுக்கு ஓடினாள். யேசுலின் அம்மா வீட்டுக்குக் கீழேயே கிம்பாப் என்னும் சோற்றுச் சுருள் விற்கும் கடை வைத்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பதறி மாடிக்கு அழைத்துப் போனாள்.

“வகுப்புலதானே இருக்கா? கேளுங்க, நீங்கதான் பேசுறீங்க!”

சாத்திய கதவுக்குப் பின்னால் நாம்ஹீயின் குரல் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தது. என்றோ பதிவு செய்த பாடம். தன் குரலைக் கேட்டு அவள் இப்படிப் பயந்ததே இல்லை.

“சாப்பிடுறாளா, யேசுல் அம்மா?”

“தட்டை ரூம் வாசல்ல வைப்பேன். இப்பல்லாம் தொட்டும் தொடாம வருது. பரீட்சை பயம்னு நெனச்சேன். அதான் நீங்க தெனம் பாக்குறீங்களேன்னு…”

“வீட்டுல நீங்க பாத்துக்குவீங்கன்னு நான்…” நாம்ஹீ கதவைத் தள்ளினாள்.

இருட்டறை. திரையில் நாம்ஹீ பாடம் நடத்த, பக்கத்துக் கட்டத்தில் யேசுல் சிரித்துத் தலையாட்டினாள். எதிரே நாற்காலி காலி. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு போர்வைச் சுருள் கிடந்தது. அம்மா அலறியபடி அதை விலக்கினாள். திரையில் இருந்த கொழுகொழு கன்னங்கள் இந்தப் பெண்ணிடம் இல்லை.

கண்கள் மெதுவாகத் திறந்தன. அருகே நின்ற நாம்ஹீயைக் காலிலிருந்து தலைவரை பார்த்தன.

“டீச்சர்… நீங்க இவ்ளோ குள்ளமா?”