பஞ்சுவின் அலமாரி

அந்தப் பெண்ணுக்கு அருவருப்பு என்பது அத்தனை சுலபத்தில் வருகிற சங்கதி இல்லை. அப்பா கறிக்கடைக்காரர். தரையில் ஈரம் காயாத அந்தக் கடையில்தான் அவள் நடக்கப் பழகினாள். குடல் அலசும் வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அப்படிப்பட்டவளுக்குக் கோடைக்கால பாலே நடன முகாமில் குமட்டிக்கொண்டு வந்தது என்றால் பெற்ற தாய்கூட நம்பமாட்டாள்.

அந்த முகாமில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவளுக்குக் கிடைத்தது. செய்தி வந்த அன்று அப்பா கறி வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "எங்க பாப்பா கால் நுனியில நிக்குதுங்க! நான் குதிகால்ல நிக்கவே தடுமாறுறேன்."

முகாமில் சேர்ந்த உடனே, "உங்கப்பா என்ன பண்றார்?" என்று ஒருத்தி கேட்டாள். இவள் மறைக்காமல் சொன்னாள். அன்று சாயங்காலத்திலிருந்து அவள் பெயர் 'கறிக்கடை' ஆகிவிட்டது. அதற்காக அவள் அழவில்லை. போகப் போக அந்தப் பெயருக்கு ஒரு மவுசும் வந்தது. நாள் முழுக்கக் கால் நுனியில் நின்று நகம் பெயர்ந்து, ஷூவுக்குள் காலுறை ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டால், மற்ற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு அலறுவார்கள். பிறகு நொண்டிக்கொண்டே இவள் அறைக்குத்தான் வருவார்கள். "கறிக்கடை, கொஞ்சம் பாரேன்." இவள் ஒவ்வொரு காலாக மடியில் எடுத்து வைத்து, துடைத்து, மருந்து போட்டு, கட்டி அனுப்புவாள். அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

அவளுக்கு முதலில் கூச்சம் தந்தவை பெரிய டீச்சரின் விரல்கள்தான்.

பெரிய டீச்சர் ஒரு காலத்தில் பேர்போன ஆட்டக்காரி. கழுத்து இன்னமும் வளையாமல் நிமிர்ந்து நிற்கும். குரலை உயர்த்தவே மாட்டார். பெண்கள் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கையில் பின்னாலேயே நடந்து வருவார். திடீரென்று ஒருத்தியின் இடுப்புச் சதையை, அழுக்குத் துணியைத் தூக்குவதுபோல, இரண்டே விரலால் கிள்ளிப் பிடிப்பார்.

"இது யாரோடது?"

அந்தப் பெண் விழிப்பாள்.

"உன்னோடதா? அப்ப இங்க எதுக்குக் கொண்டுவந்தே?"

வரிசை முழுக்கச் சிரிக்கும். கிள்ளப்பட்டவளும் சேர்ந்து சிரிப்பாள். கறிக்கடையும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வாயில் ஏதோ ஊசிப்போன ருசி.

சாப்பாட்டு அறையிலும் பெரிய டீச்சர் நாற்காலிகளுக்குப் பின்னால் உலாத்துவார். வேண்டாமென்று ஒதுக்கி வைத்த தட்டைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் தோளில் லேசாகத் தட்டிக் கொடுப்பார். அந்தத் தட்டலுக்காகப் பெண்கள் முட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கித் தட்டெல்லாம் பரப்பி, சாப்பிட்ட மாதிரியும் சாப்பிடாத மாதிரியும் நாடகம் போட்டார்கள்.

அந்தத் தட்டலை அதிகம் வாங்கியவள் பஞ்சு. கறிக்கடையின் அறைத்தோழி. குதித்தால் கீழே இறங்க மனசே இல்லாதவள்போல அந்தரத்தில் ஒரு கணம் நிற்பாள். அதனால்தான் அந்தப் பெயர். இறுதி நிகழ்ச்சியில் முன்வரிசையின் நடு இடம் அவளுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். கறிக்கடைக்கு அவள்மேல் பொறாமையும் உண்டு, பாசமும் உண்டு.

ஒரு மத்தியான ஓய்வு நேரத்தில் அறையில் ஏதோ நாறியது. வேர்வையில் ஊறிய ஷூக்களாக இருக்கும் என்று கறிக்கடை எல்லாவற்றையும் எடுத்து ஜன்னலில் காயவைத்தாள். நாற்றம் போகவில்லை. தரையைப் பார்த்தாள். எறும்புச் சாரை ஒன்று பஞ்சுவின் அலமாரிக் கதவுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பஞ்சு குளிக்கப் போயிருந்தாள். கறிக்கடை கதவைத் திறந்தாள்.

மடித்து வைத்த துவாலைகள். மடிப்புக்கு மடிப்பு ரொட்டித் துண்டுகள், பச்சைப் பூசணம் பூத்து. நசுங்கிக் கறுத்த முட்டை. ரோஜா நிறக் காலுறைக்குள் உருகி இறங்கிய வெண்ணெய். எல்லாவற்றின் மேலும் சின்னச் சின்னதாய், வெள்ளையாய், நெளிந்தன.

கடையில் புழு வைத்த கறியைக் கையால் அள்ளிக் கொட்டியவள்தான் அவள். ஆனால் இது கெட்டுப்போன சாமான் இல்லை. ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டியது. அந்த நினைப்பு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தொடாதே!" ஈரத் தலையோடு வாசலில் பஞ்சு.

"சாப்பிடவே இல்லையாடி நீ?"

"கத்தாதே. தினம் மிச்சம் வச்சாலும் குப்பையில போட்டாலும் யாராவது பார்த்து அம்மாகிட்ட சொல்லிடுவாங்க. சாப்பாட்டு ரூம்லேருந்து ஒளிச்சு எடுத்துட்டு வர்றதே பெரும்பாடு."

"செத்துப் போயிடுவேடி."

பஞ்சு சிரித்தாள். துவாலைக்கு மேலே கழுத்தெலும்பு இரண்டும் கைப்பிடிபோலத் துருத்திக்கொண்டிருந்தன. "உனக்குப் புரியாது. டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? வரைஞ்ச கோடு மாதிரி இப்பத்தான் இருக்கேனாம்."

கறிக்கடைதான் அலமாரியைச் சுத்தம் செய்தாள். பஞ்சு கட்டிலில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் அலமாரி என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று கெஞ்சினாள். கறிக்கடை தலையை ஆட்டினாள்.

ஆட்டினாளே தவிர, மனசு கேட்கவில்லை. மறுநாள் பயிற்சியில் பஞ்சு சுழன்றுகொண்டிருக்கும்போதே கால் மடங்கி விழுந்தாள். பியானோக்காரர் வாசிப்பை நிறுத்தப் போனார். பெரிய டீச்சர் விரலை அசைத்து வாசிக்கச் சொன்னார். இரண்டு பெண்கள் பஞ்சுவை இழுத்துச் சுவரோரம் சாய்த்தார்கள். ஆட்டம் நிற்கவில்லை. பயிற்சி முடிந்ததும் கறிக்கடை நேராகப் பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள்.

அவர் மேஜையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கறிக்கடை மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ரொட்டி, பூசணம், புழு, எல்லாம்.

"தெரியும்" என்றார் அவர்.

"டீச்சர்?"

"அலமாரி தெரியாது. மத்தது தெரியும். ரொம்ப வைராக்கியமான பொண்ணு. நீயும் அவகிட்ட கொஞ்சம் கத்துக்கலாம்." விரலில் ஒட்டிய கிரீமை நக்கினார். ஒவ்வொரு விரலாக, நிதானமாக. இடுப்பைக் கிள்ளுகிற அதே இரண்டு விரல்களும் அதில் இருந்தன. "ஆனா ஒண்ணு. அவளால முடியாமப் போச்சுன்னா நடு இடத்துக்கு வேற ஆள் வேணும். உன் காலைத்தான் நினைச்சு வச்சிருக்கேன்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கறிக்கடையின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. சந்தோஷம்! சந்தேகமே இல்லை, சந்தோஷம்தான். அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. புழுவைப் பார்த்தபோது வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தோலை உரித்துத் தன்னைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

முகாமில் கைபேசி கூடாது. நடைபாதையில் ஒரு பொதுத் தொலைபேசி உண்டு. சாயங்காலம் வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் எடுப்பார்கள். அன்று மணி அடிக்க அடிக்கக் கறிக்கடையே ஓடி ஓடி எடுத்தாள். ஒருவழியாகப் பஞ்சுவின் அம்மா லைனில் வந்தார்.

"அவ இருக்காளாம்மா?"

"ஆன்ட்டி, நீங்க உடனே கிளம்பி வாங்க."

"ஐயோ, என்னாச்சு?"

"ஃபோன்ல சொல்லத் தெரியல ஆன்ட்டி. வந்து பாருங்க. அவ கூப்பிட வேண்டாம்னு சொன்னாலும் வாங்க."

மறுநாள் பயிற்சி நடுவில் அந்த அம்மாள் கூடத்துக்குள் நுழைந்தார். தோளில் கைப்பை, காலில் செருப்பு. "செருப்பு!" என்றார் பெரிய டீச்சர். அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பஞ்சுவின் முகத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு, அடுத்தவளிடம் போய்விட்டார்.

"அம்மா" என்றாள் பஞ்சு.

அந்தத் தாய் திரும்பி நின்ற நிலையைக் கறிக்கடையால் பார்க்க முடியவில்லை. அப்புறம் ஒரே ரகளை. பஞ்சு வரமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். தூக்க முடிந்தது, அதுதான் கொடுமை. கறிக்கடையைத் தாண்டும்போது பஞ்சு தலையைத் திருப்பி அவள் முகத்தில் துப்பினாள்.

"த்தூ! பொறாமை பிடிச்ச கறிக்கடை!"

கன்னத்தில் எச்சில் வழிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அவளைவிட்டுத் தள்ளி நின்றார்கள். பெரிய டீச்சர் கையைத் தட்டினார். "சரி, சரி. நடுவுல ஓட்டை தெரியுது." கறிக்கடையைப் பார்த்து, காலியான இடத்தைக் கண்ணால் காட்டினார்.

அவள் வலது கால், அதுபாட்டுக்கு, ஓர் அடி முன்னால் போனது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். அப்படியே அந்தப் பளபளப்பான மரத்தரையில் வாந்தி எடுத்தாள். பெரிய டீச்சர் பாவாடையை இழுத்துக்கொண்டு துள்ளி விலகினார். அவ்வளவு வேகமாக அவர் நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

கறிக்கடை வாளியும் துணியும் கொண்டுவந்து, தானே துடைத்தாள். பிறகு மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

அப்பா கடை வேனில் வந்து கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் புலம்பல். "ஒரு மன்னிப்பு கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே பாப்பா. ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நடு இடம் என்றதும் தனக்கு வந்த சந்தோஷத்தையும் விடவில்லை. அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

"கடையில கேட்டா, கால்ல அடின்னு சொல்லிடவா?"

"வேண்டாம்பா. பிடிக்கல, வந்துட்டான்னு சொல்லுங்க."

"சரி" என்றார். மனசில்லாமல்தான் சொன்னார், ஆனால் அப்படியே சொன்னார்.

கோடை முடியும் நேரத்தில் பஞ்சுவின் அம்மா கூப்பிட்டார். மகள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான், இப்போது பரவாயில்லை என்றார். பிறகு ஏதோ சலசலப்பு. தொலைபேசி கைமாறியது.

"நான் உன்னை மன்னிக்கல" என்றது பஞ்சுவின் குரல்.

"சரி."

"இங்க ஒரு நர்ஸ், முழுங்குறவரைக்கும் என் வாயையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. எனக்கு எல்லார் மேலயும் அருவருப்பா இருக்கு. உன்மேலதான் ரொம்ப."

"எனக்கும் என்மேல அப்படித்தான் இருக்கு."



"இன்னிக்கு சூப் குடிச்சேன். கோபம் கோபமா வந்துச்சு."

"கோபத்தோடயே குடி" என்றாள் கறிக்கடை.

பஞ்சு தொலைபேசியை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை.