விட்ட இடம்

தம்பியின் உடம்பை மூட வெள்ளைத் துணி தேடிப் பின்னறைக்குள் போன அப்பாவு கங்காணியின் தோள் பட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகம் விழுந்தது. குனிந்து எடுத்தார். தாள்களின் நடுவிலிருந்து விரல் அகலத்துத் துணித் துண்டு ஒன்று நழுவி அவர் பாதத்தின் மேல் கிடந்தது. பச்சையில் கறுப்புக் கோடு. ஒரு பெண்ணின் சேலையிலிருந்து கிழித்தது.

பக்கத்துப் புத்தகத்தை உருவினார். அதிலும் ஒரு துண்டு, வேறு நிறம். அதற்கடுத்ததிலும் இருந்தது. ஐந்தாவது புத்தகத்தைத் திறந்ததும் அவர் கை நின்றுவிட்டது. அரக்கு நிறம், மஞ்சள் கட்டம்.

அந்தச் சேலையை வாங்கியவர் அவர்தான். மூன்று வருடத்துக்கு முன் தைப்பூசத்துக்குப் பினாங்கு போனபோது, கடையில் அந்த நிறத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. தோட்டத்து லய வீடுகளை எல்லாம் சலித்தாலும் அதற்கு ஜோடி கிடைக்காது. அது அவர் மனைவி ராக்காயியின் சேலை.

புத்தகத்தை மூடி இருந்த இடத்தில் வைத்தார். கீழே விழுந்த பச்சைத் துண்டை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

முன்பக்கம் கடையில், புத்தகம் அடுக்கும் நீள பெஞ்சில் சீனி கிடந்தான். நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகாதவன். நேற்றுப் பிற்பகல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நோய் என்று ஒரு நாள் படுத்தவன் இல்லை. ஈப்போவில் இருந்து ஆள் வந்து சொன்னதும் அப்பாவு கங்காணி ராக்காயியோடு காலை ரயிலில் ஏறி வந்திருந்தார். அண்ணன் தம்பி இருவரும் மலாயாவுக்கு ஒரே கப்பலில் வந்தவர்கள். அண்ணன் நாகமலை ரப்பர் தோட்டத்தில் இருநூறு பேருக்குப் பெரிய கங்காணி ஆனார். தம்பி ஈப்போ லகாட் ரோட்டில் புத்தகக் கடை போட்டான். காகிதம் விற்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டுவிட்டுப் போன அண்ணன், பதினோரு வருடத்தில் மூன்று முறைதான் இந்த வாசற்படி மிதித்திருக்கிறார்.

சீனி மாந்திரீகப் புத்தகங்களும் விற்றான் என்பது அவர் காதில் விழுந்ததுதான். ஒரு பெண்ணைத் தன் பக்கம் இழுக்க அவள் உடுத்திய துணியில் ஒரு கிழிசல் இருந்தால் போதும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். வைத்த வசியம் திரும்பினால் வைத்தவனையே அடிக்கும் என்றும் சொல்வார்கள். நோயில்லாத நெஞ்சு எப்படி நின்றது என்பதற்கு அவருக்கு இப்போது ஒரு விடை கிடைத்தது. வசியமும் இல்லாமல் ராக்காயி தானே கிழித்துக் கொடுத்திருந்தால் என்று அடுத்த நினைவு வந்தது. அதை அவர் முடிக்கவில்லை.

"கங்காணியாரே, துணி கிடைச்சுதா?" வாசலில் இருந்து பத்துமலை குரல் கொடுத்தார். பக்கத்தில் சலூன் வைத்திருப்பவர். சாவுக்கான காரியங்களை முன்னின்று பார்ப்பவரும் அவர்தான். "நேரம் ஆவுது. கொள்ளி வைக்கிற ஆளு குளிச்சாத்தானே நீர்மாலை எடுக்கலாம்."

"வாரேன்."

"சீனி அண்ணன சவரத்துக்குக் கூப்பிட்டா ஒரு நாளும் நேரத்துக்கு வந்தது இல்ல. பொஸ்தகத்துல மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்தப் பக்கம் முடியட்டும் இந்தப் பக்கம் முடியட்டும்பாரு. இன்னிக்குத்தான் சொன்ன பேச்சுக் கேட்டுக் கெடக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. பத்துமலையே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மளிகைக்கடை அர்ச்சுனன் தூணருகே நின்றிருந்தார். காலையில் ரயிலை விட்டு இறங்கியதுமே அவரிடம் பேச்சு முடிந்திருந்தது. புத்தகம் எல்லாவற்றையும் பொட்டலம் மடிக்க அவர் எடுத்துக்கொள்வார். கடை வீட்டை அதன் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயிடம் ஒப்படைத்துவிடலாம்.

"கங்காணி, மத்தியானம் மாட்டுவண்டி வரச் சொல்லிருக்கேன். எடுத்துக்கிறலாந்தானே?"

"எடுத்துக்குங்க. ஒன்னு விடாம எடுத்துக்குங்க."

அந்தத் துணிகளோடு போகட்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. சீனிக்குக் கொள்ளி வைக்க அவரைத் தவிர ஆள் கிடையாது. இந்தக் கையால் நெருப்பு வைப்பதா, இப்படியே எழுந்து ரயிலடிக்குப் போவதா. வைத்தால், தன் வீட்டுக்குள் கை வைத்தவனைத் தம்பி என்று ஒப்புக்கொண்டதாகும். போனால், ஊர் ஏன் என்று கேட்கும். இரண்டிலும் மானம் போகும்.

ராக்காயி அக்கம்பக்கத்துப் பெண்களோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கவனித்தார். கொழுந்தன் செத்துக் கிடக்கிறான், அவள் வாய்விட்டு அழவில்லை. முகம் பிணத்தின் பக்கம் இல்லை. பின்னறைக் கதவின் பக்கம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஈப்போவில் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். திருநீறு கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசுவாள். அத்தனை ஞாயிறும் இப்போது ஒவ்வொன்றாய் அவர் முன்னால் வந்து நின்றன.

கையசைத்து அவளைக் கூப்பிட்டார்.

"அந்த அரக்குச் சேலை எங்க?"

"பெட்டியில இருக்கு. ஏன்?"

"கிழிஞ்சிருக்கா?"

அவள் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். "ஆணியில மாட்டிக் கிழிஞ்சிட்டுது. தலைப்புல கொஞ்சம்."

"எந்த ஆணி?"

"வீட்டுல ஆணிக்கா பஞ்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

நேரம் போயிற்று. பத்துமலை இரண்டு முறை வந்து பார்த்தார். அப்பாவு கங்காணி நாற்காலியை விட்டு அசையவில்லை. அந்த நேரத்தில்தான் தோட்டத்துப் பெண்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. ஆறு பேர் சேர்ந்து நடந்தே வந்திருந்தார்கள். கங்காணியைக் கண்டதும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அவர்கள் அழுகையில் பொய் இல்லை என்பதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யாரோ ஒரு கடைக்காரனுக்கு இவர்கள் ஏன் இப்படி அழவேண்டும்?

பிறகு ஒருத்தி மெல்ல எழுந்து பின்னறைக்குள் போனாள். பால்மரம் வெட்டுகிற இருளாயி. அப்பாவு கங்காணி ஓசைப்படாமல் பின்னால் போனார்.

அவள் மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுற?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஒன்னும் இல்லீங்க கங்காணி."

மடியில் இருந்த பச்சைத் துண்டை எடுத்து நீட்டினார். "இதையா?"

இருளாயி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உன் சேலைதானே? என் தம்பிக்கு எதுக்குக் குடுத்த? என்ன வசியம் நடக்குது இங்க?"

"வசியமா?" சாவு வீடு என்பதையும் மறந்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டாள். "அவரா வைப்பாரு? வசியம் வைக்கிறவன் பொம்பள மூஞ்சிய ஒரு தடவையாச்சும் நிமிந்து பாக்கணுமுங்களே. எங்க மூஞ்சி அவருக்கு அடையாளமே தெரியாது. வெரலு எந்த வரியில நிக்குதுன்னுதான் பாப்பாரு."

"பின்ன துணி எதுக்கு?"

"விட்ட எடங்க."

"எதை விட்ட எடம்?"

"படிச்சு விட்ட எடம். அவருக்குக் குடுக்கல கங்காணி, பொஸ்தகத்துக்குக் குடுத்தது. இந்த வாரம் இதுவரைக்கும் படிச்சா, அடுத்த தடவ வந்து அங்கேருந்து தொடங்கணுமில்ல. பேரு எழுதி வச்சா யாராச்சும் பாத்துருவாங்க. துணின்னா, எது யாரு சேலைன்னு பொம்பளைங்களுக்குத்தான் தெரியும்."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. அவருக்கு எழுத்துத் தெரியாது. மரம் எண்ணியும் ஆள் எண்ணியும் எண்கள் மட்டும் படிந்திருந்தன.

இருளாயி புத்தகத்தை ஏதோ ஒரு பக்கத்தில் பிரித்தாள். விரலை வைத்தாள். மரப்பட்டையில் கத்தி இறங்குவதுபோல விரல் மெதுவாக நகர்ந்தது. "மழை... விட்டும்... தோணி வர... வரவில்லை. அவள் கரை... கரையிலேயே நின்றாள்." நிறுத்தினாள். "இது முன்னாடியே படிச்சதுங்க. அதுக்கு அங்கிட்டு எங்க விட்டேன்னு தெரியலையே. துணி எந்தப் பக்கத்துல இருந்துச்சு?"

"தெரியல. கீழ விழுந்துட்டுது" என்றார். சொன்ன பிறகு, தன் கீழ் வேலை செய்கிறவளுக்குப் பதில் சொல்லிவிட்டோம் என்று தோன்றியது. குரலை உயர்த்தினார். "லயத்துக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறதுக்கு என்ன? ஊரான் கடையில ஒளிஞ்சு படிக்கணுமா?"

"லயத்துலயா? பொம்பள கையில பொஸ்தகத்தப் பாத்தா மொதல்ல உங்ககிட்டதானே வந்து சொல்லுவாங்க."

போன வருடம் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுத்து நிற்கும்போது, ஒருத்தி மடியில் இருந்து எட்டிப் பார்த்த அச்சுத்தாளைப் பிடுங்கிச் சேற்றில் போட்டது அவருக்கு நினைவு வந்தது. அது யார் என்பது நினைவுக்கு வரவில்லை. இருளாயியின் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஈப்போவுல வேற கடையில நாங்க வாசல்ல நின்னாலே என்ன வேணும்னு தொரத்துவாங்க. இவரு அந்த மூலையில பாயி விரிச்சு வச்சு எழுத்துச் சொல்லிக் குடுத்தாரு. ஊருலேருந்து கடுதாசி வந்தா யாருகிட்டயாச்சும் குடுத்து, அவன் படிச்சு நாலு பேருக்குச் சொல்லி... அதெல்லாம் இப்ப இல்லீங்க. என் கடுதாசிய நானே படிச்சுக்கிறேன்." மூக்கை உறிஞ்சினாள். "கடைய மூடுறாங்கன்னு வழியில சொன்னாங்க. துணிய எடுத்துட்டுப் போயிருவோம்னு வந்தோம். யாரு கண்ணுலயாவது பட்டா அந்த மனுசன் பேருதானே கெடும்."

அப்பாவு கங்காணி ஐந்தாவது புத்தகத்தைச் சுட்டிக்காட்டினார். நுனியில் அரக்கு தெரிந்தது.

"அது யாரோடது?"

தோட்டம் முழுவதற்கும் தெரிந்த சேலை. இருளாயி அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அது தெரியலீங்க. வேற தோட்டத்து ஆளா இருக்கும்."

அவரிடம் பொய் சொன்ன எவரையும் அவர் சும்மா விட்டதில்லை. இந்தப் பொய்க்கு மட்டும் தலையை ஆட்டினார். "உன் துணிய வச்சிட்டுப் போ" என்றார். "யாரும் எதையும் எடுக்க வேணாம்."

அவள் போனதும் அந்தப் புத்தகத்தைத் திறந்தார். எழுத்துகள் வரிசை வரிசையாக அவரைப் பார்த்தன. பக்கத்தின் மேல்மூலையில் இருந்த எண்ணை மட்டும் படித்தார். முப்பத்து நான்கு. மூடி வைத்தார்.

வெளியே வந்து சட்டையைக் கழற்றினார். "தண்ணி எங்க இருக்கு?" என்று பத்துமலையிடம் கேட்டார்.

"பின்னாடி பைப்பு இருக்கு, வாங்க."

"கங்காணி, வண்டி வந்துட்டுது" என்றார் அர்ச்சுனன்.

"திருப்பி அனுப்பிருங்க. பொட்டலம் மடிக்க வேற எடம் பாருங்க."

"காலையில பேசுனமே, என்ன லா இது?"

"காலையில பேசுனவனுக்கு விசயம் தெரியாது."

குளித்து, நீர்மாலை எடுத்து, ஈர வேட்டியோடு தம்பியின் வாயில் அரிசி போட்டார். புந்தோங் சுடுகாட்டில் கொள்ளி வைக்கும்போது அவர் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகப் பிறகு பத்துமலை யாரிடமோ சொன்னார். கங்காணி அதை மறுத்தார்.

மூன்றாம் நாள் பால் தெளிக்க ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் கடையிலேயே இருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் மத்தியானத்துக்குள் முடிந்தது. கடை வாடகையைத் தவுக்கேயிடம் கங்காணி கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறந்து வைப்பதாகப் பத்துமலை சாவியை வாங்கிக்கொண்டார். அப்பாவு கங்காணி பின்னறையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். ஐந்தாவது புத்தகத்தை எடுத்தார். அரக்குத் துண்டு பழைய இடத்தில் இல்லை. அது இப்போது இருந்த பக்கத்தின் மேல்மூலையைப் பார்த்தார். ஐம்பத்தொன்று.

துணியின் நுனி முன்பு எவ்வளவு வெளியே தெரிந்ததோ அவ்வளவு தெரியும்படி வைத்துவிட்டு வந்தார்.

ராக்காயி மூட்டையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். "ரயிலுக்கு நேரமாச்சு. போலாமா?"

"கால் வலிக்குது. அடுத்த ரயிலுக்குப் போலாம்."

"அதுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கே."

"இருக்கட்டும். நீ உள்ள இரு, வெயிலா இருக்கு."

வாசலில் கிடந்த முக்காலியை இழுத்து, கடைக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டார். ரிக்‌ஷா ஒன்று போயிற்று. சீனத்தி ஒருத்தி கீரைக்கூடையோடு போனாள். உள்ளே பாய் விரிக்கிற ஓசை கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு தாள் புரண்டது.

அவர் திரும்பவில்லை. அடுத்த தாள் புரளுவதற்காகக் காத்திருந்தார்.