தோணிக்குள் ஒரு பிள்ளை

ஏறாவூர் மாதர் சங்கத்துப் பெண்கள் பதினான்கு பேர், மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள கலை நூதனசாலையின் வாசலில் செருப்பைக் கழற்றப் போனார்கள். "செருப்போடயே வாங்க, இது பள்ளிவாசலில்ல" என்று சிரித்தபடி ஓர் இளம் பெண் வெளியே வந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'இன்ஷிரா, பயிலுநர், சமூகக் கல்விப் பிரிவு' என்றிருந்தது. கூட்டத்தின் பின்னால் நின்ற ஸாலிஹா அதை எழுத்தெழுத்தாக வாசித்தாள். அவள் பெற்ற பிள்ளையின் பெயர்தான்.

பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கும் இன்ஷிராவுக்கு இங்கே மூன்று மாத உள்ளகப் பயிற்சி. இரண்டு மாதமாகக் கதிரை அடுக்கினாள், பாடசாலைப் பிள்ளைகளுக்கு வர்ணம் கரைத்துக் கொடுத்தாள். இன்றுதான் முதன்முறையாக ஒரு குழுவைத் தானே நடத்தப் போகிறாள். பிரிவின் பொறுப்பாளர் கேதீஸ்வரி மிஸ் கொப்பியோடு பின்னால் நின்று புள்ளி போடுவார். அதனால் காலையிலேயே தாயிடம் சொல்லியிருந்தாள்: "உம்மா, நான் தடுமாறினாலும் நீங்க ஒண்டும் பேசப்படாது. தெரியாத ஆள் மாதிரி நில்லுங்க."

ஸாலிஹாவுக்கு நூதனசாலை புதிதல்ல. கட்டாரில் ஒரு பெரிய நூதனசாலையில் ஒன்பது வருஷம் இருந்தவள். ஊரில் அவ்வளவுதான் சொல்லியிருந்தாள். என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். கண்ணாடியும் தரையும் துடைக்கிற வேலை. வழிகாட்டிப் பெண்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் மொப்பை நிறுத்திவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அவர்கள் கை நீட்டிப் பேசுகிற அழகை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். ஒருத்தியாவது தமிழில் பேசியதில்லை.

இன்ஷிரா ஒரு பெரிய எண்ணெய் ஓவியத்தின் முன் எல்லோரையும் நிறுத்தினாள். வாவியில் ஒரு தோணி. அதில் முதுகைக் காட்டியபடி ஒரு பெண், மடியில் ஒரு பை. இன்ஷிரா எழுதி வந்ததை வாசிக்கத் தொடங்கினாள். ஓவியர் பிறந்த ஆண்டு, படித்த இடம், வர்ணப் பிரயோகம். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். சங்கத்துப் பெண்களில் ஒருத்தியான ஹிதாயா சத்தமாகவே கேட்டாள்: "என்ன கா இது, முகத்தக் கீறத் தெரியாமத் திருப்பி வெச்சிட்டாரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹிதாயாவை அடக்க வாயெடுத்த ஸாலிஹா, காலையில் மகள் சொன்னது நினைவுக்கு வர, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இன்ஷிரா கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நல்ல கேள்வி மாமி. முகம் தெரியாட்டி இவ வாறாவா, போறாவா எண்டு எப்பிடிச் சொல்லுவீங்க?"

"போறா" என்றாள் ஹிதாயா உடனே. "பை நிறைய இரிக்கே."

"வாறா. ஆசுபத்திரில இருந்து வாறா. முதுகு வளைஞ்சிரிக்கி பாருங்க" என்றாள் இன்னொருத்தி. பிறகு கூடத்தில் ஆளுக்கொரு கதை. இன்ஷிரா யாருக்கும் பிழை என்று சொல்லவில்லை. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஸாலிஹா மெல்ல ஓவியத்தின் ஓரத்துக்குப் போனாள். கால் தானாகவே அங்கே போனது. யன்னல் வெளிச்சம் படத்தின் மேல் சாய்வாக விழுந்தது. தலையைச் சரித்துப் பார்த்தாள். நீல வர்ணத்துக்கு அடியில் ஏதோ திரண்டிருந்தது. வட்டமாக ஒரு தலை. அதன் கீழே சின்னத் தோள்.

"அந்த ஓரத்தில நிக்கிற உம்மா, நீங்க என்ன பாக்குறீங்க?" என்றாள் இன்ஷிரா.

"உம்மாவ உம்மா எண்டுதானே கூப்பிடணும்!" என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு. ஸாலிஹா சிரிக்கவில்லை. "இந்தத் தோணிக்குள்ள ஒரு பிள்ளை இரிக்கி" என்றாள்.

"எங்க கா?" ஹிதாயா கையை நீட்டிக்கொண்டு வந்தாள். ஸாலிஹா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "தொடாதீங்க, கையெண்ணெய் பட்டாக் கெட்டுப் போகும். நேரா நிண்டாத் தெரியாது. இப்பிடிச் சரிஞ்சு பாருங்க."

"உனக்கு எப்பிடித் தெரியும் இது?" என்றாள் ஹிதாயா.

பதின்மூன்று முகங்கள் அவளைப் பார்த்தன. மகளும் பார்த்தாள். "கட்டார்ல நான் கண்ணாடி துடச்சன். ஒம்பது வருஷம்" என்றாள் ஸாலிஹா. "அழுக்கும் கைரேகையும் சரிஞ்சு பாத்தாத்தான் தெரியும். அந்தப் பழக்கம்."

ஹிதாயா ஓவியத்தின் பக்கம் தலையைச் சரித்தாள். "அட, ஓம்!" என்று கத்தினாள்.

கேதீஸ்வரி மிஸ் முன்னால் வந்தார். கூரை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தை ஓரத்திலிருந்து பிடித்தார். தோணிப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையின் உருவம் துலக்கமாகவே தெரிந்தது. ஓவியர் முதலில் வரைந்து, பிறகு வர்ணம் பூசி மறைத்திருக்கிறார். "நாலு வருசமா இந்தப் படத்தோடதான் இருக்கன். நான் காணல்லயே!" என்றார் மிஸ்.

"ஏன் மறைச்சிருப்பார்?" என்று கூட்டத்தைப் பார்த்து இன்ஷிரா கேட்டாள். தோணி பாரம் தாங்காது என்றாள் ஒருத்தி. பிள்ளை வளர்ந்து தன்பாட்டில் போய்விட்டது என்றாள் வேறொருத்தி. பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டு உழைக்கப் போகிறாள் என்றாள் ஹிதாயா. அப்போது இன்ஷிரா தாயைப் பார்த்தாள். ஸாலிஹா விமானம் ஏறியபோது அவள் இரண்டாம் வகுப்பு. பார்வை ஒரு நொடிதான். "நல்லது மாமி, இதையும் எழுதுறன்" என்று தாளை எடுத்து எழுதினாள். குரல் உடையவில்லை. என் பிள்ளை எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறாள் என்று ஸாலிஹா நினைத்தாள்.

எல்லாம் முடிய, கேதீஸ்வரி மிஸ் ஸாலிஹாவின் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். ஓவியத்தின் கீழே புதிய குறிப்பு வைக்கும்போது, கண்டுபிடித்தவர் ஏறாவூர் ஸாலிஹா என்று போடுவார்களாம். "மகளை நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார்.

"அவ தானா வளந்தவ மிஸ்" என்றாள் ஸாலிஹா.

ஊர் திரும்பும் பஸ்ஸில், தன்னாமுனை தாண்டும்வரை பெண்கள் அந்தப் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஸாலிஹாவின் கைப்பேசி அதிர்ந்தது. மகள் அனுப்பியிருந்தாள்: 'உம்மா, அடுத்த கிழமை மாங்கேணிக் கிராமத்துக்குப் படங்களைக் கொண்டு போறம். அங்க முழு நிகழ்ச்சியையும் நானே நடத்தட்டாம், மிஸ் சொன்னா.'

இரண்டு தரம் வாசித்தாள். பிறகு வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியைப் பக்கத்திலிருந்த ஹிதாயாவின் கையில் கொடுத்துவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.