நடுவில் நிற்காத குமிழ்

மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் அவரே துணியை எடுத்துக் கூடத்தைத் துடைத்தார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். கோணலாக எதைக் கண்டாலும் கை தானாகப் போய்விடும். அடுத்தவர் வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தைக்கூட நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அலமாரியில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தபோது அதன் சின்னக் குமிழ் ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பங்கு பிரிக்கிற குமிழ். துடைக்கிறேன் பேர்வழி என்று இவள்தான் தள்ளியிருப்பாள் என்று நினைத்தபடி அதைத் திருப்பி நடுக்கோட்டில் நிறுத்தினார். நிறுத்தியதை அப்போதே மறந்தும் போனார்.

அன்று மாலை வயலின் காணாமல் போயிற்று.

அவர் அதிகம் கேட்பது ஒரு சிடி. இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் பியானோ, வேறு யாரும் இல்லை. இரண்டும் மாறி மாறிப் பேசும். சில இடங்களில் இரண்டுமே வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனங்களுக்காகத்தான் அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். இப்போது பியானோ மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. வயலின் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது. சத்தத்தைக் கூட்டினார். பியானோதான் அதட்டியது.

சரி, இதற்கும் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் போட்டுப் பார்த்தார். அதே கதைதான்.

கடையில் இருந்தவற்றிலேயே மலிவானது அது. கல்யாணமான புதிதில் வாங்கியது. விற்றவரே கொஞ்சம் கூச்சத்தோடுதான் எடுத்துக் கொடுத்தார். கறுப்புத் தகரப் பெட்டி, முன்பக்கம் ஐந்து குமிழ்கள், பின்பக்கம் கம்பி சொருகும் துளைகள். வீடு மாறியபோதெல்லாம் போர்வையில் சுற்றி அவரே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்துப் பகலில் அவள் தூங்குவாள். அப்போது சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவைத்துக் கேட்பார். விலை கூடிய பெட்டிகள்கூட அவ்வளவு தாழ்த்தினால் முனகும் என்பார்கள். இது முனகியதில்லை. பழைய அச்சகத்தை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய வருஷத்தில், யாரோடும் பேசப் பிடிக்காமல் கிடந்த அவர் ஒவ்வொரு நாளும் கை நீட்டியது இதன் பொத்தானுக்குத்தான். ஒருநாளும் அது மாட்டேன் என்றதில்லை. இப்போது ஒரு பக்கம் போய்விட்டது என்றதும் அதைத் தூக்கிப் போடுவதா? ஆனால் வயலின் இல்லாமல் மீதி நாட்களை ஓட்டவும் முடியாது.

மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். பெரிய மின்சாதனக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன். இந்த அழைப்புக்காகவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டைப்பெட்டியும் கையுமாக வந்து நின்றான். மனைவி ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். கூடத்தின் ஓரத்தில் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தான், எருமை படுத்துடுச்சா?" என்றான். அந்தக் கறுப்புப் பெட்டிக்கு அவன் வைத்த பேர் அது.

"படுக்கல. ஒரு கொம்பு போயிடுச்சு."

"ஒரு வாரம் இதை வச்சுக் கேளுங்க. பிடிச்சா வச்சுக்கலாம், இல்லன்னா கடைக்கே திருப்பிடலாம். கூச்சப்படாதீங்க."

மனைவி நிமிர்ந்தாள். "எதுக்கு அதைக் கழட்டுறீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

"இடப்பக்கம் செத்துப்போச்சு" என்றார் அவர்.

அவள் கண் அலமாரிக்குப் போனது. குமிழ் நடுவில் நின்றிருந்தது. இஸ்திரிப்பெட்டி ஒரு நிமிஷம் துணிமேல் அப்படியே நின்றுவிட்டு, சுதாரித்து நகர்ந்தது. பழகிய பெட்டியைப் பிரிய அவளுக்கும் மனசில்லை போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

புதியது வெள்ளி நிறத்தில் வழுவழுவென்று இருந்தது. முகத்தில் ஒரே ஒரு குமிழ்.

"மத்த திருகெல்லாம் எங்கடா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்க அத்தான். நடுவுல எதுவும் குறுக்க வரக்கூடாது பாருங்க. பாட்டு எப்படியோ அப்படியே வரும்."

சிடியைப் போட்டார்கள். அவர் தன் நாற்காலியில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் உட்கார்ந்தார். பியானோ வந்தது, அழகாகத்தான் வந்தது. வயலின் இன்னமும் பக்கத்து அறையிலேயே இருந்தது.

"இதுவும் இடப்பக்கம் சொத்தை" என்றார்.

"அத்தான்! பெட்டியைப் பிரிச்சு பத்து நிமிஷம்கூட ஆகல. எனக்கு ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்குதே?"

"கடையில நாள் முழுக்க டிவி அலறுற இடத்துல நிக்கிற காது உன்னுது. அதை நம்பி நான் என்ன பண்றது?"

"அக்கா, நீயாவது சொல்லு. எப்படிக் கேக்குது?"

அவள் சட்டைக் காலரையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கர்தான் கெட்டிருக்கும் என்று மச்சினன் சொன்னான். இரண்டையும் தூக்கி இடம் மாற்றி வைத்தான். கம்பிகளைப் பழைய பக்கத்துக்கே கொடுத்தான். வயலின் வரவில்லை. பிறகு கம்பியைக் குறை சொன்னான். முதுகில் சட்டை நனைந்துபோய், தரையில் மண்டியிட்டுக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்காவது கொஞ்சம் காற்று வரட்டும் என்று அவர் எழுந்துபோய், நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் திறந்தார்.

கொக்கியில் வைத்த கை அப்படியே நின்றது.

வயலின் கேட்டது. தெளிவாக, பக்கத்தில் நின்று வாசிப்பதுபோல். பியானோதான் இப்போது கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது.

திரும்பினார். வயலின் போனது, பியானோ வந்தது. மறுபடி ஜன்னலைப் பார்த்து நின்றார். வயலின். பழைய பெட்டி, புதுப் பெட்டி, ஸ்பீக்கர், கம்பி எல்லாம் அததன் இடத்தில் ஒழுங்காக இருக்க, திரும்பத் திரும்ப மாறிக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். இடது காதை உள்ளங்கையால் பொத்தினார். எந்த வித்தியாசமும் இல்லை.

"அத்தான், என்ன தேடுறீங்க?"

"விடுடா. கம்பி நல்லாத்தான் இருக்கு."

சிடி ஓடி முடிந்தது. அந்த வீட்டில் மௌனம் புதிதில்லை. ஆனால் மச்சினனுக்கு அது புதிது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறேன் என்று உள்ளே போய்விட்டான்.

மனைவி இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றாள். வலப்பக்கம். இப்போதுதான் அதை அவர் கவனித்தார். கொஞ்ச காலமாகவே தெருவில் நடக்கும்போதும் அவள் வலப்பக்கம்தான். கட்டிலில்கூட ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி இடம் மாறிப் படுத்தாளே.

"உனக்குத் தெரியுமா?"

"இடப்பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டீங்க. முதல்ல கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன். உங்களுக்குத்தான் கோவமும் சும்மா இருக்கிறதும் ஒரே மூஞ்சியாச்சே."

அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். காதைக் காட்டுவோமான்னு ஒருநாள் கேட்டேன். எனக்கு என்ன கேடுன்னு எரிஞ்சு விழுந்துட்டு வாரக்கணக்குல வாயே திறக்கல நீங்க. எனக்குப் பயமாப் போச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் படிக்க, நீங்க கேட்டுத் திருத்தற வேலை. அதையே நினைச்சு உருகிப் போயிடுவீங்கன்னு தோணுச்சு. அந்த சிடியைப் போட்டுக்கிட்டு, ஏதோ குறையுதுங்கிற மாதிரி நெத்தியைச் சுருக்கிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. பாக்க முடியல. துடைக்கும்போது அந்தத் திருகை இடப்பக்கமா லேசா நகத்தி வச்சேன். அன்னிக்கு நெத்தி விரிஞ்சுது. அப்புறம் அப்பப்ப இன்னும் கொஞ்சம்."

"நான்தான் அதை நேராக்கினேன்" என்றார் அவர் மெல்ல. "நீ ஊருக்குப் போனப்போ. கோணலா இருந்துச்சு."

"உங்களைத் தெரிஞ்சும் அலமாரியைப் பூட்டாமப் போனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அலமாரியின் அடித்தட்டில், கம்பிகள் பிடுங்கப்பட்டு, கறுப்புப் பெட்டி கிடந்தது. அந்தத் தகரப் பெட்டியைச் செய்தவர்கள் அப்படி ஒரு குமிழை வைத்திருந்தார்கள். மலிவுப் பெட்டிதானே என்று விட்டுவிடாமல் வைத்திருந்தார்கள். அவரே அறியாத அவருடைய குறையை அது பாதி சுமந்தது. மீதியை இவள் துடைக்கிற துணிக்குள் ஒளித்துவைத்துச் சுமந்தாள். யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் அவர் குனிந்து பெட்டியின் மேல் கை வைத்தார்.

மச்சினன் சமையலறை வாசலில் தயங்கி நின்றான். "அப்போ... இந்தப் புதுசு?"

"வெள்ளியைக் கட்டு" என்றார். "அது நல்ல பெட்டி. எனக்குத்தான் ஆகாது. எருமையை மேல ஏத்து."

"அக்கா, இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தேனே!"

"சாப்பிட்டுட்டுப் போ, கூலிக்குச் சரியாப் போயிடும்."

கம்பிகளை மாட்டியானதும் சிடியை மறுபடி போட்டார்கள். குமிழ் நடுவிலேயே நின்றது. அவருடைய விரல்கள் அதன்மேல் போய்த் தயங்கின.

"எங்க வச்சிருந்தே?"

அவள் குனிந்து திருப்பினாள். பார்க்கச் சகிக்காத அளவுக்குக் கோணலாகவே அது நின்றது. வயலின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது.

அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, "உங்க ஆஸ்பத்திரியில காதுக்குப் பாக்குற டாக்டர் எப்படி?" என்றார்.

"நான் சொல்லிச் சொல்லி அவருக்கு உங்களை நல்லாத் தெரியும். நீங்க எப்ப வருவீங்கன்னு என்னைப் பாக்குறப்பல்லாம் கேப்பாரு."

"நாளைக்கு வரேன்னு சொல்லு."

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து அவருக்கு வலப்பக்கம் போட்டாள்.